மூன்றாவது கம்பி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் போகும் ரோட்டில் ஒரு கொப்பரைக் களம் இருக்கிறது. 1993-இல் கட்டிய கிடங்கு. 10 மீட்டர் அகலம், 24 மீட்டர் நீளம், நடுவில் ஒரு தூண் வரிசை, 3 மீட்டருக்கு ஒரு பீம் வரிசை, மேலே 110 மி.மீ. கான்கிரீட் தளம். வரைபடம் கிடையாது. கட்டவைத்த முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது மகன் நடத்துகிறார். மாடியில் பாதிக்கு சோலார் பேனல் போட வேண்டும், மீதியில் கொப்பரை காயப்போட வேண்டும் என்பது அவர் திட்டம். "தாங்குமாங் தம்பி? ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தைல சொல்லிருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, கட்டடப் பொறியாளனான எனக்கு, மெஷின் லேர்னிங்கையும் துணைக்கு இழுத்து, மூன்று மாதம் ஆனது.

முதல் நாளே கையால் ஒரு கணக்குப் போட்டேன். தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 2.75 கிலோநியூட்டன், மேலே போட்ட சுருக்கிக் காரை 1, பேனல் 0.2, ஆள் நடமாடும் மாடி என்பதால், பாரங்களுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 875 சொல்லும் 1.5. எல்லாம் சேர்த்து 5.45. பீம் 5 மீட்டர் நீளம், 230 மி.மீ. அகலம், 450 மி.மீ. ஆழம். நடுத்தூணுக்கு மேலே ஓடும் மேல்கம்பி வெறும் இரண்டு 10 மி.மீ.தான், அதனால் தூணுக்குத் தூண் உள்ள ஒவ்வொரு கண்ணையும் தனித்தனிச் சாதா பீமாகவே எடுத்துக்கொண்டேன். பீமின் சொந்த எடையும் 1.5 என்ற பாதுகாப்புக் காரணியும் சேர்ந்தால், பாரம் பீமை வளைக்கும் திருப்பம் 85 கிலோநியூட்டன்-மீட்டர். அடியில் மூன்று 16 மி.மீ. கம்பி இருக்கிறது, கான்கிரீட் எம்15, அதாவது சதுர மி.மீ.க்கு 15 நியூட்டன் வலிமை என்று வைத்தால் பீமின் திறன் 87.

85-க்கு 87. இந்த இரண்டு எண்ணும் இவ்வளவு நெருக்கமாக வந்ததுதான் எல்லா வம்புக்கும் காரணம். 60-க்கு 87 என்று வந்திருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்திருப்பேன். 120-க்கு 87 என்றால் முடியாது என்று சொல்லியிருப்பேன். இந்த 87-க்குள் எத்தனை 'என்று வைத்தால்' இருக்கிறது என்று பாருங்கள். மூன்று கம்பி என்று யார் சொன்னது? 16 என்று யார் சொன்னது? எம்15 என்று? 1993-இல் அமலில் இருந்தது கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456-இன் 1978 பதிப்பு. அன்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் போட்டது 1:2:4 கலவை, அதை எம்15 என்று சொல்லிக்கொள்வது வழக்கம். 2000-இல் வந்த திருத்தப் பதிப்புதான் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்20-க்குக் கீழே கூடாது என்றது.

புதுக் கட்டடத்தில் இந்தத் தெரியாமையை விதிநூல் நமக்காகச் சுமந்துகொள்கிறது. கான்கிரீட்டின் குறிப்பு வலிமை என்பதே நூற்றில் ஐந்து கட்டிக்கு மேல் அதற்குக் கீழே போகாது என்ற வாக்குறுதிதான். அதற்காகக் கலவையை 1.65 மடங்கு நியமவிலக்கம் மேலே தூக்கி வடிவமைக்கிறோம். பிறகு கான்கிரீட்டை 1.5-ஆல் வகுக்கிறோம், கம்பியை 1.15-ஆல், பாரத்தை 1.5-ஆல் பெருக்குகிறோம். பழைய கட்டடத்தில் இந்த ஏற்பாடு முழுசாகப் பொருந்தாது. கட்டி முடித்துவிட்ட கட்டடத்தில் கான்கிரீட் இன்ன வலிமை, கம்பி இத்தனை என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். நமக்குத்தான் தெரியாது. காற்று எவ்வளவு அடிக்கும் என்பது வேறு வகைத் தெரியாமை, அதை எந்தச் சுத்தியலாலும் குறைக்க முடியாது. கம்பி தெரியாத தெரியாமை உளி போட்டால் தீரும்.

சரி, மெஷின் லேர்னிங் எங்கே வந்தது? சொன்னால் வெட்கம். முதல் வாரம் ராத்திரி உட்கார்ந்து, கான்கிரீட் வலிமை என்றாலே எல்லாப் பாடத்திலும் வருகிற ஐ-செங் யே-யின் தரவுத்தொகுப்பை இறக்கினேன். 1998-இல் அவர் எழுதிய கட்டுரையோடு வந்தது, 1030 வரிசை, சிமெண்ட், தண்ணீர், சாம்பல், ஜல்லி, வயது என்று 8 உள்ளீடு. பல முடிவு மரங்களின் சராசரியை எடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையைப் போட்டேன், அருமையாகப் பொருந்தியது. அப்புறம்தான் உறைத்தது. இந்தக் கிடங்கின் சிமெண்ட் அளவு எனக்குத் தெரியாது, தண்ணீர் அளவு போட்டவருக்கே தெரியாது. அதிலிருக்கும் அதிகபட்ச வயது 365 நாள், இதற்கு வயது 30 வருஷத்துக்கு மேல். ரேண்டம் ஃபாரஸ்ட் தான் பார்த்த எல்லைக்கு வெளியே எதையும் நீட்டிச் சொல்லாது, கடைசியாகப் பார்த்த இலையின் சராசரியையே திருப்பித் திருப்பிச் சொல்லும். அதுவும் ஒற்றை எண்ணாக, தயக்கமே இல்லாமல். நாலு ராத்திரி வீண்.

எனக்குத் தேவை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரு முறை. காசியன் ப்ராசஸ் அப்படிப்பட்டது. இதன் வேர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இருக்கிறது. டேனி க்ரிகே என்ற சுரங்கப் பொறியாளர் 1951-இல், அங்கங்கே போட்ட சில துளைகளை வைத்து நடுவிலிருக்கும் பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று மதிப்பிட வழி பார்த்தார். க்ரிகிங் என்ற பெயரே அவரால் வந்தது. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழை மறைவுப் பூமி, போர் போடாத தோட்டம் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணி வந்தால் இங்கேயும் வரும் என்ற நம்பிக்கை, தூரம் கூடக் கூட அந்த நம்பிக்கை தேய்வது, இவ்வளவுதான் சூத்திரம். அளந்த புள்ளிக்குப் பக்கத்தில் மதிப்பீட்டுப் பட்டை ஒல்லியாக இருக்கும், விலக விலகப் பருக்கும். கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் இந்தப் பட்டையைச் சொல்வதில்லை, அதுதான் வித்தியாசம்.

என் பழைய நோட்டுகளில் 41 ஜோடி அளவு இருந்தது. தட்டினால் எவ்வளவு எகிறுகிறது என்று காட்டும் ரீபவுண்ட் சுத்தியலின் எண் ஒரு பக்கம், அதே இடத்தில் கோர், அதாவது உருளைத் துண்டு துளைத்தெடுத்து உடைத்த வலிமை இன்னொரு பக்கம். சைக்கிட்-லேர்ன் என்ற மென்பொருள் நூலகத்தில், விலக விலக நம்பிக்கை எப்படித் தேயும் என்று சொல்லும் மாட்டர்ன் கெர்னலும் அளவீட்டு இரைச்சலுக்கு ஒரு வெள்ளைக் கெர்னலும் சேர்த்து ஒரு காசியன் ப்ராசஸ் மாதிரிக்குப் பயிற்சி கொடுத்தேன். கூகுள் கோலாபில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் வேலை. சுத்தியலை மட்டும் நம்பி வலிமை சொன்னால் கூடக்குறைய 25 சதவீதம் தவறலாம் என்று இந்தச் சோதனைக்கான பழைய விதிநூல் ஐ.எஸ். 13311 தானே ஒப்புக்கொண்டிருந்தது. என் பட்டையும் கிட்டத்தட்ட அந்த அகலத்தில்தான் வந்தது. அதில் ஒரு சந்தோஷம்.

பிறகு கிடங்கில் 32 இடத்தில் தட்டினோம். சாந்தைச் சுரண்டி, சாணைக்கல்லால் தேய்த்து, ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பன்னிரண்டு தட்டு. பெரும்பாலான இடத்தில் சராசரி 34-ஐ ஒட்டி வந்தது. மேற்கு ஓரத்தில் மட்டும் 44. அங்கேதான் மழைக்காலத்தில் சிரட்டை எரித்துக் கொப்பரை உலர்த்தும் புகையடுப்பு. பீமெல்லாம் கரி ஏறிக் கறுத்துப்போய் இருந்தது. என் கணினி மாதிரி அந்த இடத்துக்குக் கொடுத்த மதிப்பீடு சதுர மி.மீ.க்கு 31 நியூட்டன், பட்டை 22 முதல் 40 வரை. மற்ற இடங்களுக்கு 19. "அப்பா அந்தக் கடைசியத்தான் நின்னு பாத்துக் கட்டுனாரு" என்று களத்துக்காரர் பெருமையாகச் சொன்னார். நானும் நம்பினேன்.

ஆறு கோர் எடுத்தோம். நாலு இடத்தில் 17-லிருந்து 20-க்குள், எதிர்பார்த்தபடி. அடுப்புப் பக்கம் எடுத்த இரண்டும் 16, 15.

31 என்று சொன்ன இடத்தில் 16. பட்டைக்கு உள்ளேகூட இல்லை. லேப் தம்பி தப்பாக உடைத்துவிட்டானோ என்று முதலில் அவன் மேல்தான் சந்தேகப்பட்டேன். கோரின் மீதித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாக உடைத்த முகத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, காரத்தன்மை இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் மாறும் பினாஃப்தலீன் கரைசலைத் தெளித்தேன். உள்பக்கம் நல்ல கத்திரிப்பூக் கலந்த இளஞ்சிவப்பாக மாறியது. வெளிப்பக்கம் ஒரு விளிம்பு நிறமே மாறாமல் சாம்பலாக நின்றது. ஸ்கேல் வைத்தேன், 32 மி.மீ. மற்ற கோர்களில் இது 15-ஐத் தாண்டவில்லை.

விஷயம் இதுதான். காற்றிலிருக்கும் கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் புகுந்து அதிலிருக்கும் சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. மேல்தோல் கெட்டியாகும். சுத்தியல் தோலைத்தான் தட்டுகிறது, அதனால் எண் ஏறுகிறது. முப்பது மழைக்காலம் அடுப்புப் புகையை முகத்தில் வாங்கிய பீம் என்பதால் இங்கே தோல் தடித்துவிட்டது. ஆனால் கார்பனேற்றம் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கும், அந்தக் காரத்தன்மைதான் கம்பிக்குத் துருப்பிடிக்காமல் காவல். கம்பிக்கு மேல் மூடு 25 மி.மீ., கார்பனேற்றம் 32. அதாவது கம்பி காவல் இல்லாத பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. சுத்தியல் எங்கே 'பலம்' என்றதோ அங்கேதான் கம்பி ஆபத்தில் இருக்கிறது.

மாதிரி ஏன் இதைச் சொல்லவில்லை? அதற்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. 44 என்ற ரீபவுண்ட் எண்ணை அது முன்பே நிறையப் பார்த்திருக்கிறது, எல்லாம் நான் வேலை செய்த புதுக் கட்டடங்களில். அந்த அச்சில் பார்த்தால் இந்தப் புள்ளி பழகிய இடத்தில்தான் இருக்கிறது, அதனால் பட்டை பருக்கவில்லை. புகை, வயது என்ற அச்சுகளை நான் கொடுக்கவே இல்லை. பிறகு கான்கிரீட்டுக்குள் ஒலி போகும் வேகத்தையும் கார்பனேற்ற ஆழத்தையும் உள்ளீடாகச் சேர்த்தேன். கிரீஸ் தடவி இரண்டு பக்கமும் முனையை அழுத்தி அளக்கும் அந்த ஒலி பீமின் வயிற்றைக் கடந்து போகிறது, தோலால் ஏமாறாது. அடுப்புப் பக்கம் விநாடிக்கு 3.1 கிலோமீட்டர், மற்ற இடத்தில் 3.7, 3.8. என் 41 பழைய ஜோடியில் 17-இல்தான் கார்பனேற்ற ஆழம் குறித்து வைத்திருந்தேன். மற்ற 24-ஐத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இளம் வயதில் நோட்டில் ஒரு வரி கூட எழுதச் சோம்பல்பட்டதன் கூலி.

இத்தனையும் செய்து கான்கிரீட் வலிமையை மேற்கே 16, மற்றபடி 18-ஐ ஒட்டி, கூடக்குறைய 3 என்று கொண்டுவந்தேன். மூன்று வாரம் போயிருந்தது. அப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். எந்த உள்ளீடு ஆடினால் விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தேன்.

கையாலேயே பார்க்கலாம். தளத்தோடு சேர்ந்து வார்த்த டி-பீம், மேலே அழுத்தம் தாங்க அகலமான தளம் இருக்கிறது. கான்கிரீட் 15 என்றால் திறன் 87 என்றேனே, 20 என்று வைத்தால் 87.7. 10 என்று வைத்தால் 86. அவ்வளவுதான்! வலிமை பாதியானாலும் திறன் இரண்டு சதவீதம் நகராது. இதற்காகவா மூன்று வாரம் ராத்திரி கண் விழித்தேன்? கம்பியின் ஆழம் 25 மி.மீ. குறைந்தால் 82-க்கு வருகிறது. மூன்றில் ஒரு கம்பி 16-க்குப் பதில் 12 என்றால் 75. தூணில் கான்கிரீட் வலிமை நிச்சயம் பேசும், ஆனால் இங்கே தூணுக்கு வரும் பாரம் அதன் திறனில் பாதிகூட இல்லை.

விடையின் ஆட்டத்தில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் சோபோல் குறியீட்டை முறையாகப் போட்டபோதும் அதே கதை. பீமின் பாதுகாப்பு மிச்சத்தில் உள்ள நிச்சயமின்மையில் கம்பியின் பரப்பு ஏறக்குறைய 38 சதவீதம், எஃகின் வலிமை 26, பாரம் 16, கணக்கு முறையின் பிழை 14, ஆழம் 5. கான்கிரீட் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அந்தத் தாளை அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அப்போ கம்பியைப் பார்க்க வேண்டும். கவர் மீட்டர் கம்பி எங்கே ஓடுகிறது என்பதை நன்றாகக் காட்டும், விட்டத்தைச் சொல்வதில் தடுமாறும், அதுவும் மூன்று கம்பி நெருங்கிக் கிடந்தால் சுத்தமாகக் குழம்பிவிடும். உளி போட்டுத் திறப்பதே வழி. மேற்குப் பக்கம் கூரைவரை கொப்பரை மூட்டை, சீசன், பத்து நாள் பொறுக்கச் சொன்னார் களத்துக்காரர். அதனால் கிழக்கே எட்டுகிற இடத்தில் இரண்டு பீமைத் திறந்தேன். இரண்டிலும் மூன்று 16, பளிச்சென்று. ஓரத்து வரிசைகளை விட்டால் முழுப் பாரம் வாங்கும் பீம் 14. இரண்டைத் திறந்து இரண்டும் சரி என்றதும் பேயஸ் முறைப்படி 'கம்பி குறைவாக இருக்கும்' என்ற வாய்ப்பைப் புதுப்பித்தேன். இறங்கியது. ஒரு மில்லியன் தடவை பகடைபோல உருட்டிப் பார்க்கிற மான்டி கார்லோ கணக்கில், நம்பகக் குறியீடான பீட்டா (இது ஏற ஏறத் தோல்வி வாய்ப்பு குறையும்) 4-ஐத் தாண்டியது.

மில்லியன் ஏன் என்றால், பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவிலான தோல்வி வாய்ப்பைப் பத்து சதவீதத் துல்லியத்தில் பிடிக்க அத்தனை உருட்டல் வேண்டும். சூத்திரமாக இருந்தால் கணினிக்கு அது தூசு. நடுத்தூண் மேல் பீமுக்கு உண்மையில் எவ்வளவு பிடிமானம் என்று பார்க்க முழுச் சட்டகத்தையும் மாதிரி செய்தபோதுதான் சிக்கல். ஒரு ஓட்டத்துக்கு 2 விநாடி, மில்லியனுக்கு 23 நாள். அதற்கு எக்கார்டு, கேடன், லெமேர் மூவரும் 2011-இல் சொன்ன வழியைப் பிடித்தேன். க்ரிகிங் மாதிரியை ஏவலாளாக வைத்து, 'நிற்குமா விழுமா' என்று அது எந்தப் புள்ளியில் அதிகம் தடுமாறுகிறதோ அந்தப் புள்ளியை மட்டும் நிஜ மென்பொருளில் ஓட்டுவது. மதிப்பீட்டைப் பட்டையால் வகுத்த எண் எல்லாப் புள்ளியிலும் 2-ஐத் தாண்டியதும் நிறுத்திவிடலாம். 94 ஓட்டத்தில் முடிந்தது. பிடிமானம் கொஞ்சம் உதவுகிறது, ஆனால் நம்பி இருக்கும் அளவுக்கு இல்லை என்று தெரிந்தது.

ஐரோப்பிய விதிநூல் 50 வருஷத்துக்கு, சாதாரணக் கட்டடத்துக்கு பீட்டா 3.8 கேட்கிறது. நம் ஐ.எஸ். 456 இப்படி ஓர் எண்ணை நேராகச் சொல்வதில்லை. 4-க்கு மேல் வந்துவிட்டதே, ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிட்டேன். பாதி எழுதியும் விட்டேன்.

அன்று சாயங்காலம் களத்துக்கு எதிரே டீக்கடையில், இந்தக் கிடங்கைக் கட்டிய மேஸ்திரியே வந்து உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டியவர். களத்துக்காரர்தான் அறிமுகம் செய்தார்.

"கம்பியா தம்பி? எல்லாம் பதினாறுதான். கடைசி மேக்கால மூணு வரிசைக்கு மட்டும் பத்தாமப் போச்சு. லாரி எல்லைலயே ரெண்டு நாள் நின்னுபோச்சுங். ஜல்லி, ஆளு எல்லாம் வந்து நிக்குது, மழை வேற இருட்டிக்கிட்டு வருது. இருந்த பன்னெண்ட வெச்சுக் கட்டிவிட்டோம்."

"எத்தனை பீம்ல ஐயா?"

"அதெங்க ஞாபகம் இருக்குது. மூணு கம்பி வரணும், மூணு இருக்குல்ல?" என்று டீயை ஆற்றினார்.

நான் கணக்கில் 14 பீமையும் ஒரே பானைச் சோறாக எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பருக்கை பார்த்தால் போதும் என்று. ஆனால் அவை ஒரே நாளில் வெந்த சோறு இல்லை. எந்த நாளில் வார்த்தது, அன்று கையில் என்ன கம்பி இருந்தது என்பதைப் பொறுத்து இரண்டு பானை. கிழக்கே பார்த்த இரண்டும் மேற்கைப் பற்றி எனக்கு எதுவுமே சொல்லவில்லை. ராத்திரி மாதிரியைப் பிரித்து எழுதினேன். வார்த்த வரிசைக்கு ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் தனி வாய்ப்பு, மேற்குக் குழுவுக்கு மேஸ்திரியின் பேச்சை முன்னறிவாக வைத்து. மேற்கின் பட்டை ஒரேயடியாக ஊதிப்போனது. கிழக்கு நகரவே இல்லை.

அடுத்த வாரம் மூட்டையை நகர்த்தினார்கள். மேற்கு மூன்று வரிசையில் ஓரத்தது போக நாலு பீம். நாலையும் திறந்தோம். மூன்றில் மூன்றாவது கம்பி 12. அதிலும் அடுப்புக்கு நேர் மேலே, மாடித் தண்ணீர்க் குழாய் ஒழுகும் மூலையில் இருந்த பீமில் உளி வைத்ததும் மூடு பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி ஏடு ஏடாகத் துரு. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து வெர்னியர் வைத்தால் 16 என்பது 14.5, 12 என்பது 10.5. அளந்துவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இத்தன வருசம் இதுக்கடியிலதான் அடுப்பு போட்டுட்டு இருந்தமுங்களா?" என்றார் களத்துக்காரர்.

எண்களை இப்போது கையாலேயே போட்டுப் பார்க்கலாம், 1969-இல் கார்னெல் கொடுத்த எளிய வடிவம் போதும். காரணிகள் எதுவும் சேர்க்காமல், சராசரித் திறனிலிருந்து சராசரிப் பாரத்தைக் கழித்து, இரண்டு சிதறல்களின் வர்க்கங்களைக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நல்ல பீமில் திறன் 111, பாரம் 58, சிதறல்கள் 10-ம் 6-ம். பீட்டா 4.5, அதாவது பத்து லட்சத்தில் மூன்று நாலு. ஒரு கம்பி 12 ஆன பீமில் திறன் 95-க்கு இறங்குகிறது, அதன் சிதறலும் அதே விகிதத்தில் இறங்குகிறது, பீட்டா 3.5, பத்தாயிரத்தில் இரண்டு. துருப்பிடித்த மூலைப் பீமில் 77, பீட்டா 2-ஐ ஒட்டி, கிட்டத்தட்ட ஐம்பதில் ஒன்று. கிடங்கு முழுவதுக்கும் ஒரு சராசரி போட்டு நான் எழுதிய பாதி ரிப்போர்ட்டில் இந்த ஐம்பதில் ஒன்று எங்குமே தெரிந்திருக்காது.

வேலை அதன்பின் சாதாரண வேலைதான். மூலைப் பீமுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி, இரண்டு 16 மி.மீ. கம்பியை இரு முனையிலும் தூணில் துளையிட்டு ரசாயனப் பசையால் நட்டு, யூ வடிவ வளையம் கட்டி, மைக்ரோ கான்கிரீட் ஊற்றினோம். தண்ணீர்க் குழாயை வெளிப்பக்கம் மாற்றினோம். அடுப்பைக் கிடங்குக்கு வெளியே தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். களத்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பேனல் மேற்குப் பக்கம் வேண்டாம், கிழக்கோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பேனலின் கால்களைப் பிடித்து வைப்பது தனிக் கணக்கு. அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர்தான், ஆனால் ஆடி மாசம் இங்கே மாடியில் நின்றவர்களுக்குத் தெரியும். அதில் நான் கஞ்சத்தனம் காட்டவில்லை.

12 கம்பி போட்ட மற்ற இரண்டு பீம்கள் இடைநிலையில் நின்றன. 3.5 என்பது 3.8-க்குக் கொஞ்சம் கீழே. பழைய கட்டடத்துக்கு அவ்வளவு போதும் என்று வாதாடலாம், ஆனால் விதிநூல் கணக்கில் 85-க்கு 75. பஞ்சாயத்து ஓவர்சியரும் அதையேதான் கேட்டார், "சாரே, இது பேப்பர்ல நிக்குமோ?" பேனலையும் ஆள் நடமாட்டத்தையும் எடுத்துவிட்டால் நிற்கும் என்றாலும், களத்துக்காரருக்கு அங்கே கொப்பரை காயப்போட்டே ஆக வேண்டும். அதனால் ஐ.எஸ். 456 சொல்லும் பாரச் சோதனையைச் செய்வது என்று தீர்மானித்தேன். மாடிப் பாரத்தின் ஒன்றேகால் மடங்கை ஏற்றி 24 மணி நேரம் வைக்க வேண்டும். மீட்டரில் எடுத்த நீளத்தின் வர்க்கத்தை 40-ஆல் பெருக்கி, மி.மீ.-இல் எடுத்த பீம் ஆழத்தால் வகுத்த அளவுக்குள் தொய்வு அடங்கினால், பாரத்தை இறக்கியபின் எவ்வளவு மீண்டது என்றுகூடப் பார்க்கத் தேவையில்லை. இந்த பீமுக்கு அது 2.2 மி.மீ.

பாரத்துக்கு மணல் மூட்டை தேட வேண்டியிருக்கவில்லை. கொப்பரை மூட்டை 50 கிலோ, பின்னாளில் மனம் மாறிப் பேனல் வந்தாலும் வரட்டும் என்று அதன் எடையும் சேர்த்து 63 மூட்டை. மூலைப் பீமின் மைக்ரோ கான்கிரீட்டுக்கு 28 நாள் முடிந்தபின், காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏற்றினோம். கீழே முட்டுகளை ஓர் அங்குலம் விட்டு நிறுத்தியிருந்தேன், தப்பித் தவறி இறங்கினால் பிடிக்க. தொய்வை அளக்கும் டயல் கேஜ் பக்கத்தில் நான், வாசலில் மேஸ்திரி. உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

63-ஆவது மூட்டை வைத்தபோது முள் 1.1-இல் நின்றது. மறுநாள் காலை 1.4. இந்தத் தகவலையும் கணக்குக்குள் ஊட்டினேன். அந்த பாரத்தைத் தாங்காத உருட்டல்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எண்ணினால் போதும். பீட்டா பெரிதாக நகரவில்லை. 95-ஐ ஒட்டித் திறன் உள்ள பீமை 60-ஆல் சோதித்தால் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது? ஆனாலும் ஓவர்சியருக்கு அந்த 1.4 பிடித்திருந்தது, ரிப்போர்ட்டில் அதைத்தான் அடிக்கோடிட்டார்.

மூட்டைகளை இறக்கும்போது மேஸ்திரி உள்ளே வந்து, திறந்து கிடந்த பீமின் அடியில் நின்று மேலே பார்த்தார். மூன்றாவது கம்பியை விரலால் தடவினார். "பன்னெண்டுதான்" என்றார்.